அவரு வந்தாச்சு

கோட்டைக்குப்பம்
20.1.2025

தம்பி வரதனுக்கு அக்கா ஜமுனா எழுதுவது.

நான் இருக்கிறேன். நீயும் சுகுணாவும் குழந்தையும் நலம்தானே. கோவையில் பனி அதிகம் என்று மகள் நந்தினி சொன்னாள். குழந்தைக்குக் காதைக் கட்டிவிடுங்கள்.

இந்தக் காலத்தில் யார் தபால் போடுகிறார்கள் என்று சிரிக்காதே. கார்த்திகையில் ஊரே கூடியிருந்தபோது, "மாமா பூட்டாரு அக்கா, மனச தேத்திக்க" என்றாய். அப்படிச் சொன்ன வாயோடு இனி நான் பேச மாட்டேன் என்றேன். அது அப்படியேதான் இருக்கிறது. பேச மாட்டேன் என்றேனே தவிர எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடம் இருப்பது பொத்தான் போன், அதில் தமிழும் வராது. ஆகவே தபால்தான்.

விஷயம் இதுதான். போன தீபாவளிக்கு நீ வந்து வீடு முழுக்க சாமான் மாட்டிவிட்டுப் போனாயே, வாசலில் கேமரா, கதவில் சென்சார், கூடத்தில் பேசுகிற டப்பா, அதைப் பற்றித்தான். முகங்களைப் பதிய வேண்டும், வீட்டில் இருக்கிறவள் நீதான், உன் குரலிலேயே பெயரைச் சொல் என்றாய். அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கட்டியவர் பெயரை நான் என்றைக்குச் சொன்னேன், அன்றைக்குச் சொல்ல? "அவரு" என்றேன். நீயும் சிரித்துவிட்டு அதையே போட்டாய். அவர் கடலிலிருந்து வந்து வாசலில் நின்றால் விளக்கு எரியும், உப்புத் தண்ணீர் போகக் குளிக்க மோட்டார் தானாக ஓடும், டப்பா "அவரு வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுக்கும். பதினைந்து நாள் அந்த வேடிக்கை நடந்தது. அப்புறம் கார்த்திகை வந்தது.

பொங்கல் கழிந்த வாரம், விடியற்காலையில், நான் அடுப்பில் தண்ணீர் வைக்கும் நேரம், டப்பா பேசியது. "அவரு வந்தாச்சு." வாசல் விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடியது. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். மறுநாளும் அதே மாதிரி. இன்றைக்கும்.

நீ செய்த மிஷின் பொய் சொல்லுமா? இதற்கு மட்டும் பதில் எழுது. ஆறுதல் எல்லாம் வேண்டாம். அந்த கேமரா வழியாக நீ அங்கிருந்தே பேசலாம் என்று காட்டினாய். பேசினாயானால் எல்லாவற்றையும் கழற்றி ஏரியில் போட்டுவிடுவேன்.

குழந்தைக்கு என் முத்தம்.
அக்கா ஜமுனா


கோவை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு வரதன் எழுதிக்கொள்வது.

இங்கே மூவரும் சௌக்கியம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சுகுணா அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

நீ கேட்டதற்கு வருகிறேன். மிஷின் பொய் சொல்லாது, அக்கா. ஆனால் தப்பாகப் பார்க்கும். அங்கே உப்புக்காற்று. கேமராக் கண்ணாடியில் உப்பு படிந்து மங்கிப்போயிருக்கும். மெல்லிய துணியை நனைத்துத் துடை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் வாரம் மாமா துண்டும் தாடியுமாகக் கடலிலிருந்து வந்தபோது மிஷின் அவரை யாரோ வெளி ஆள் என்று சொல்லி சைரன் அடித்தது. "இன்னாடா உன் மிஷினு, என் வூட்டுக்கே என்னைத் தெரியலன்னுது" என்று மாமா போனில் சத்தம் போட்டார். அதனால் முகம் பாதி ஒத்துப்போனால் போதும் என்று நான்தான் தளர்த்தி வைத்தேன். அதனால் வேறு யாரையாவது பார்த்துவிட்டுக்கூட அப்படிச் சொல்லலாம். பதிவைப் பார்த்தேன், தெளிவாக இல்லை.

சிவகுமார் இப்போது ஊரில்தான் இருக்கிறானா? தொழிலுக்குப் போகிறானா? சும்மாதான் கேட்கிறேன்.

கதவை நன்றாகச் சாத்திக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி வரதன்


கோட்டைக்குப்பம்
3.2.2025

வரதனுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. சுகுணாவை அழ வேண்டாம் என்று சொல். அழுவதற்கு இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, அவர் பனியன் துணியால் பளிச்சென்று துடைத்தேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே குரல்தான். இப்போது என்ன சொல்கிறாய்?

சிவகுமார் என்ற பெயரை என் வீட்டுக்கு வரும் கடிதத்தில் எழுதாதே. அவர் உடன்பிறந்த தம்பி என்று தோளில் தூக்கி வளர்த்தார். ஒரே படகில் போனார்கள், இவன் மட்டும் கரைக்கு வந்தான். என்ன நடந்தது என்று சொல்ல வாயைத் திறந்தான். "அண்ணன வுட்டுட்டு நீ மட்டும் வந்தியா, இந்த வாசப்படிய மிதிக்காத" என்றேன். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டால் அதுதான் முடிவு என்று ஆகிவிடும். உடம்பு கிடைத்ததா? இல்லை. கிடைக்காதவரை அவர் கடலுக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

ஏன் கதவைத் திறக்கவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன். திறந்தால் அவர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும். திறக்காதவரை இரண்டில் எதுவும் ஆகவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். நீ வைத்த மோட்டார் போடுகிற இரைச்சலில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. மோட்டார் நின்ற பிறகு வாசலில் யாரும் இருப்பதில்லை.

பக்கத்து வீட்டு முனியம்மாள் நான் பொட்டு வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்து மோவாயில் கை வைக்கிறாள். வைக்கட்டும். இன்றைக்கு மடவை மீன் குழம்பு வைத்தேன். நெடுநாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.
ஜமுனா


கோவை
20.2.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று எழுதினால் நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. ஒரு பெரிய பங்களாவுக்கு வேலை ஓடுகிறது, வாசல் முதல் கொல்லை வரை கேமரா. அங்கே ஏணியில் நிற்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.

உண்மையைச் சொன்னால் வேலை மட்டும் காரணமில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ சந்தைப் பக்கமே போவதில்லை, படகுத்துறைக்கும் போவதில்லை என்று நந்தினி சொன்னாள். அப்படியிருக்க மடவை எங்கிருந்து வந்தது? காலையில் கோலம் போடும் முன் வாசல்படியில் குனிந்து எதையோ எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போகிறாயே, அது என்ன? கேமராவில் உன் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

அக்கா, கொஞ்ச நாள் சுண்ணாம்புக்குளத்துக்கு, நந்தினி வீட்டுக்குப் போய் இரேன். அவளுக்கும் இது மாசமாக இருக்கிற நேரம். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். வீட்டை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

மாத்திரையை மறக்காதே.
வரதன்


கோட்டைக்குப்பம்
1.3.2025

வரதா,

நலம் விசாரிப்பதெல்லாம் இருக்கட்டும். திருடனைப் பிடிக்க மாட்டினாயா, அக்காவை ஒளிந்து பார்க்க மாட்டினாயா? நான் குனிவதும் நிமிர்வதும் உனக்கு எதற்கு? உன் பங்களாக்காரர்களிடமும் இப்படித்தான் வேலை பார்க்கிறாயா?

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். வாசல்படியில் மீன் இருக்கிறது. டப்பா "அவரு வந்தாச்சு" என்று சொல்கிற நாளெல்லாம் இருக்கிறது. பனை ஓலையில் கோத்து, கதவு ஓரத்தில். படகிலிருந்து வீட்டுக்காரன் வீட்டுக்கு எடுத்து வருகிற குழம்பு மீன், விற்கிற மீனில் சேராதது. உனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பாய்.

இதற்கு விளக்கம் சொல் பார்ப்போம். ஒவ்வொரு மீனிலும் செவுள் எடுத்திருக்கிறது. தலையை விட்டு, வயிற்றைக் கிழிக்காமல், செவுளை மட்டும் எடுத்து. கல்யாணமான புதிதில் செவுள் கிழித்து என் விரலில் சீழ் வைத்துக் கொண்டது. அன்றிலிருந்து அவர் படகிலேயே செவுளை எடுத்துவிட்டுத்தான் கொண்டுவருவார். ஊரில் வேறெவன் பெண்சாதிக்காக அப்படிச் செய்கிறான்?

எங்கேயோ கரை ஒதுங்கியிருக்கிறார். தலையில் அடிபட்டோ, எதற்கோ பயந்தோ, வெளியே வர முடியாமல் இருக்கிறார். என்னிடம் மட்டும் வருகிறார். பங்குனி பிறக்கட்டும். கதவைத் திறந்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, ஊரைக் கூட்டிச் சொல்லப் போகிறேன். கருமாதி செய்தவர்கள் எல்லாம் வந்து பார்க்கட்டும். நீயும் வந்து பார்.

எனக்கு பயமாகவும் இருக்கிறது, வரதா. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜமுனா


கோவை
10.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. வீட்டில் எல்லோரும் நலம்.

என்னைக் கோபித்துக்கொள். திட்டு. ஆனால் ஊரைக் கூட்டாதே. நேற்று இரவு இங்கிருந்தே ஒரு மாற்றம் செய்துவிட்டேன். "அவரு" என்ற முகத்தை மிஷின் இனிமேல் பொருத்திப் பார்க்காது. அழிக்கவில்லை, அழிக்க எனக்குக் கை வரவில்லை. மறைத்து மட்டும் வைத்திருக்கிறேன். இனி அது அப்படிச் சொல்லாது, மோட்டாரும் ஓடாது.

ஏன் என்று இதில் எழுத முடியவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற கெடுபிடியில் விடுப்பும் தரமாட்டேன் என்கிறார்கள். நான் வந்து சொல்லும் வரை பொறுத்துக்கொள். முடிந்தால் சிவகுமாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசு. அவன் சொல்ல வந்ததைச் சொல்லவிடு.

நான் உனக்குக் கெடுதல் நினைப்பவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.
வரதன்


கோட்டைக்குப்பம்
14.3.2025

வரதனுக்கு.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ செய்த காரியம் திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது.

விடியற்காலையில் டப்பா "அவரு வந்தாச்சு" என்று சொல்லவில்லை. "வெளி ஆள், வெளி ஆள்" என்று கத்தியது. அப்புறம் சைரன். நீ மறைத்தாயே ஒரு முகத்தை, மிஷினுக்குத் தெரியாத எந்த முகம் இருட்டு நேரத்தில் வாசலில் நின்றாலும் சைரன் அடிக்கும் என்று நீயே வைத்ததை மறந்துவிட்டாயா? முனியம்மாள் வீட்டு ஆட்டைப் பார்த்தெல்லாம் அடிக்கிறது என்று மனித முகத்துக்கு மட்டும் மாற்றினாயே, நினைவிருக்கிறதா?

படகுத்துறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். திருடன் என்று இரண்டு பேர் துடுப்போடு வந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். பங்குனிக்கு என்று வைத்திருந்த கதவை அன்றைக்கே திறக்க வைத்துவிட்டாய்.

சிவகுமார் நின்றான். தலையில் அவர் துண்டு. கையில் ஓலையில் கோத்த மீன். ஓடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு ஒரு நொடி அந்த விளக்கு வெளிச்சத்தில் அவராகவே தெரிந்தது. மிஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானே அப்படித்தான் பார்த்தேன். அடுத்த நொடி அவர் இல்லை. அந்த ஒரு நொடியை நான் என்ன செய்வது, சொல்.

அதற்குள் முனியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். "கருமாதி ஈரம் காயல, கொயுந்தன் வாசல்ல நிக்கிறான். அதான் பொட்டும் பூவுமா?" என்றாள். அவ்வளவு பேரும் கேட்டார்கள். ஒருவரும் அவளை அடக்கவில்லை. சிவகுமாரை யாரோ கன்னத்தில் அறைந்தார்கள். மீன் மண்ணில் விழுந்தது.

அமாவாசையன்று ஊர்க்கூட்டம். தலைவர் பூபதி பெரியவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தப்பு என்று ஆகிவிட்டால் அவனை ஊரைவிட்டு விலக்குவார்கள். படகில் சேர்க்க மாட்டார்கள், வலையைத் தொடவிட மாட்டார்கள். எனக்கு என்ன என்று யாரும் சொல்லவில்லை. நந்தினி வீட்டில் இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தாயிற்று, அவள் மாமியார் வளைகாப்புப் பேச்சையே எடுப்பதில்லையாம். நீ மாட்டிய கேமரா எல்லாவற்றையும் பிடித்திருக்குமே, அதைக் காட்டச் சொல்கிறார்கள்.

அவன் எத்தனை நாளாக வந்தான் என்பது உனக்குத் தெரியும். முதலிலேயே தெரியும். தெளிவாக இல்லை என்று எழுதினாய்.

ஜமுனா


கோவை
24.3.2025

அக்கா,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருப்பாய் என்று கேட்கவும் தைரியமில்லை.

ஆமாம், முதல் வாரமே தெரியும். சிவகுமார் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். அது மட்டுமில்லை. பதிவில் குரலும் இருக்கிறது. மோட்டார் ஓடினாலும் வாசலில் பேசுவது கேமராவுக்குக் கேட்கும், அதன் காது வெளியேதான் இருக்கிறது. அவன் தினம் அந்தக் கதவோடு பேசியிருக்கிறான். நீ கேட்காததை நான் இங்கே உட்கார்ந்து கேட்டேன். என்ன சொன்னான் என்று கேட்காதே. "அவரு வந்தாச்சு" என்று எழுதியிருந்த உன்னிடம் அதை எப்படி எழுதுவேன்?

முடிவு செய்துவிட்டேன். அமாவாசைக்கு முந்தின இரவு எல்லாப் பதிவையும் அழித்துவிடுகிறேன். மிஷின் கெட்டுவிட்டது, உப்புக்காற்று தின்றுவிட்டது என்று சொல். ஒரு நாள்தான் வந்தான், மீன் கொடுக்க வந்தான் என்று சொல். சாட்சி இல்லாவிட்டால் ஊர் நாலு நாள் பேசிவிட்டு ஓய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவுக்குள் வேண்டாம் என்று நீ சொல்லாவிட்டால் அழித்துவிடுவேன்.

ஒரு தடவை போனை எடு அக்கா. ஒரே ஒரு தடவை.
வரதன்


கோட்டைக்குப்பம்
31.3.2025

தம்பி வரதனுக்கு அக்கா எழுதுவது.

எல்லோரும் நலமா? நான் இரண்டு நாளாகத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் என் கைக்கு வந்தது. தபால்காரர் மூன்று நாள் வரவில்லை. பதில் எழுதினால் உனக்கு எப்போது போய்ச் சேரும்? நீ இரவில் அழிப்பாய். போனை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். பேச மாட்டேன் என்று ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. கடைசியில் வாசலுக்குப் போய் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். "அழிக்காதடா. அழிச்சா, நான்தான் தப்பு பண்ணவன்னு ஆயிடும். பூபதி பெரியவர் போனுக்கு எல்லாத்தியும் அனுப்பு" என்றேன். அது உன்னோடு பேசியதில் சேராது. கதவோடு பேசினேன். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் அந்தக் கதவோடுதான் பேசுகிறோம்.

அனுப்பிவிட்டாய். நல்லவேளை.

கூட்டம் கோயிலுக்கு முன்னால். போன் சத்தம் பத்தாது என்று, திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் அதை இணைத்துவிட்டார்கள். நான் பெண்கள் பக்கம் நின்றேன், என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. சிவகுமார் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கும் தெரியாது, தன் குரல் அதில் இருக்கிறது என்று.

முதலில் டப்பாவின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "அவரு வந்தாச்சு." கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மோட்டார் இரைச்சல். அதற்கு மேலே அவன் குரல். "அவுரு வரலம்மா. நான்தான் வந்துகீறேன்."

அடுத்த நாள் பதிவு. மறுபடி "அவரு வந்தாச்சு." மறுபடி அவன் அதற்குப் பதில் சொல்கிறான். அந்த மிஷினை யாரோ ஒரு பெண்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, தினம், கோபப்படாமல், "அவுரு வரலம்மா" என்று. போனைச் சுற்றி நின்றவர்கள் பார்த்துச் சொன்னார்கள், எந்தப் பதிவிலும் அவன் கதவைத் தொட்டதில்லை. படியில் ஏறியதில்லை. நான் மிதிக்காதே என்று சொன்ன படிக்குக் கீழேயே நின்று, மீனை மட்டும் எட்டி வைக்கிறான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் பூபதி பெரியவர் இன்னொன்றைப் போட்டார். நீ எனக்கு எழுத முடியாது என்றது இதைத்தான் என்று எனக்குப் புரிந்தது. காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன். பொத்தவில்லை.

"அண்ணி, நீ கேக்க மாட்ட. கதவாண்டயாவது சொல்றேன். மொகத்துவாரத்துல அலை பொரட்டிப் போட்ருச்சு. மெதக்கறதுக்கு ஒரு கேன்தான் இருந்திச்சு. 'நீ இத பிட்சிக்கோ, நான் படகாண்ட போறேன்'னு என் கைல தள்ளிட்டாரு. அங்க படகு எங்க இருந்திச்சு, அண்ணி? அது எப்பவோ முழுவிப் போச்சு. அவுரு பொய் சொன்னாரு. செவுளு எடுத்துட்டு மீனக் குடுன்னு மட்டும் சொல்லினே போனாரு."

செவுள் எடுத்து. அலைக்கு நடுவில்.

பூபதி பெரியவர் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்தது என்றுகூட யாரும் சொல்லவில்லை, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முனியம்மாள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், நான் அவளைத் தாண்டிப் போய் சிவகுமார் கையைப் பிடித்தேன். "வூட்டுக்கு வா. வந்து சாப்புடு" என்றேன். படியில் வந்ததும் நின்றுவிட்டான். கையை விடாமல் இழுத்துத்தான் உள்ளே கூட்டிப் போனேன்.

என்னிடம் நீ மறைத்ததற்கு இன்னும் கோபம் இருக்கிறது. கேட்டுவிட்டு இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டு இருந்தாயே என்ற வருத்தமும் இருக்கிறது. இரண்டும் இருக்கட்டும்.

அக்கா ஜமுனா


கோவை
5.4.2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். உன் கடிதத்தை சுகுணாதான் வாசித்தாள், என்னால் முடியவில்லை.

வீட்டு மிஷினில் இனி என்ன செய்ய வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். சிவகுமார் முகத்தைப் பதிந்துவிட்டேன், இனி சைரன் அடிக்காது. தளர்த்தி வைத்ததையும் இறுக்கிவிட்டேன், அண்ணன் தம்பியை இனிக் குழப்பிக்கொள்ளாது. ஆனால் மாமாவின் முகம் உள்ளே மறைவாக இருக்கிறது. அதை நான் தொட மாட்டேன், ஒரு தடவை தொட்டதே போதும். வேண்டும் என்றால் அப்படியே இருக்கட்டும். வேண்டாம் என்றால் நீயே டப்பாவிடம் "முகத்தை நீக்கு" என்று சொல். யாரை என்று அது கேட்கும். பெயரைச் சொன்னால் போதும்.

அவசரமில்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது செய்.
உன் தம்பி வரதன்


கோட்டைக்குப்பம்
17.4.2025

அன்புத் தம்பி வரதனுக்கும் சுகுணாவுக்கும் குழந்தைக்கும் அக்காவின் ஆசிகள்.

நான் நலம். சித்திரை பிறந்ததுமே நந்தினியின் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமியாரே வந்து அழைத்தாள், கொஞ்சம் அசடு வழிந்துகொண்டு. சிவகுமார் தொழிலுக்குப் போகிறான். விடியற்காலையில் டப்பா "சிவகுமார் வந்தாச்சு" என்கிறது. நான் கதவைத் திறந்து மீனைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். செவுளை இன்னும் எடுத்துக்கொண்டுதான் வருகிறான்.

நேற்று மத்தியானம் அடுப்பு வேலை முடிந்து டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீ எழுதியபடி "முகத்தை நீக்கு" என்றேன். "யாரை நீக்க வேண்டும்? பெயரைச் சொல்லவும்" என்றது.

பெயரை. நீ எழுதியிருந்ததும் அதுதான், பெயரைச் சொன்னால் போதும் என்று. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்றுதானே இத்தனை வருஷம் வாயில் வராமல் வைத்திருந்தேன். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், நந்தினி பள்ளிக்கூடத்தில், எங்கே கேட்டாலும் பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வேன். இனிக் குறைவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கத்தான் சுலபமாக இருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் வெட்கம் வந்தது, வரதா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். "கேட்கவில்லை, மீண்டும் சொல்லவும்" என்றது அது.

முந்தானையை எடுத்துவிட்டு, வாசலில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாகச் சொன்னேன். பச்சைமுத்து.

கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் சொன்னது, "பச்சைமுத்து என்ற பெயரில் யாரும் இல்லை."

அவரைத்தான் நான் "அவரு" என்று வைத்திருக்கிறேனே, அதற்கு எப்படித் தெரியும்? உனக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் ஞாபகம் வரவில்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்தது. கார்த்திகையிலிருந்து நான் அழவில்லை, நேற்றுதான் அழுதேன். சிவகுமார் வந்து எழுப்பும்வரை அழுதேன். பொட்டை நானே எடுத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

அவரு உள்ளேயே இருக்கட்டும், நீக்க வேண்டாம். நீயும் தொடாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன்.

இப்படிக்கு,
பச்சைமுத்து சம்சாரம், உன் அக்கா
ஜமுனா